எடுத்துக் கொடுத்தவள்

ரமழான் இரவுகளில் நளீர் ஹாபிழ் தராவீஹ் தொழுவித்துவிட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வரும்போது அக்குறணைச் சனம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லும்: "அல்லாஹ்ட கொடை." வேதத்தின் முப்பது பாகமும் நாக்கு நுனியில் நிற்கிறது, ஒரு பிசகு இல்லை, குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொடையல்லாமல் வேறென்ன? சனத்துக்கென்ன, சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விடும். அந்தக் கொடையை ஒவ்வொரு விடியலிலும் யார் கழுவித் துடைத்து எடுத்து வைக்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஹாபிழின் மனைவி உம்மு குல்சுமுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். பள்ளியின் மேல்மாடியில், பெண்கள் தொழும் இடத்தில், மரத்தடுப்புக்குப் பின்னால் நிற்பவள் அவள். தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டு ருக்கியா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, நீங்க குடுத்து வெச்ச ஆள்" என்பாள். குல்சும் சிரித்து வைப்பாள். குடுத்து வைத்ததாம்! வந்து பாருங்கள் ஒருநாள் விடியற்காலை ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு என் குசினிக்கு என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொன்னதில்லை.

மனனம் செய்வது பெரிய காரியமில்லை. பையன்கள் அடி வாங்கியாவது செய்துவிடுகிறார்கள். செய்ததை வைத்திருப்பதில்தான் சங்கதியே இருக்கிறது. நாலு நாள் திருப்பி ஓதாமல் விட்டால் ஓர் ஓரத்தில் இளகத் தொடங்கும். நாலு மாதம் விட்டால் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. அதனால் கலியாணமான மறுவாரத்திலிருந்து நளீர், ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்து, மாத்தளை ரோட்டில் ஹார்ட்வெயார் கடையைத் திறக்கும் நேரம் வரை கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தன் பிழை தன் காதுக்குத் தெரியாது.

அந்த ஆள் குல்சும். ஆரம்பத்தில் வேதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள். புதுப்பெண், புருஷனைப் பார்த்து "பிழை" என்று சொல்ல வாய் வரவில்லை. தொழுகையில் இமாம் பிசகினால் பின்னால் நிற்கும் ஆண்கள் வாயால் சொல்லலாம், பெண்கள் தங்கள் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டலாம், அவ்வளவுதான் அவர்களுக்கு அனுமதி. அவளும் அதையே செய்தாள். புறங்கையில் ஒரு தட்டு. அவர் நின்று, பின்னுக்குப் போய், பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்திக்கொண்டு வருவார். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் மட்டும் அடுத்த வார்த்தையை அவள் எடுத்துக் கொடுப்பாள்.

அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. மகள் ஜஹானா பிறந்து நாற்பது கழியாத நாட்களிலும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். ஓயா ஆறு பெருகிக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்த வருஷம், அவர் வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக்கொண்டே ஓதினார். அவள் மறுமூலையில் ஆணிப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். பிசகிய இடத்தில் சேற்றுக் கையாலேயே தட்டினாள். நாளடைவில் மடியில் வேதம் தேவைப்படவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே, ரொட்டி தட்டிக்கொண்டே அவளால் பிழை பிடிக்க முடிந்தது. முப்பது பாகமும் அவளுக்குள்ளும் இறங்கியிருந்தது. அதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் "கொடை" என்ற வார்த்தை காதில் விழும்போது ஒரு முள் குத்தத்தான் செய்தது. மனுஷி தானே.

அவர் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வேதத்தை மனனம் செய்த எல்லா ஹாபிழ்களும் பயப்படும் இடம். நபிமார்களின் கதைகள் வரிசையாக வரும் ஓர் அத்தியாயம், ஒரு ஸூரா: நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப். ஒவ்வொரு கதை முடியும்போதும் அதே இரண்டு வசனங்கள் வரும். அடுத்த கதையும் ஏறத்தாழ அதே மாதிரித்தான் தொடங்கும். முச்சந்தியில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று முழிக்கிற மாதிரி. லூத் நபியின் கூட்டம் வரவேண்டிய இடத்தில் நூஹ் நபியின் கூட்டத்தைச் சொல்லிவிட்டால் போதும், வந்த கதைகளையே திரும்பச் சுற்ற வேண்டியதுதான். இளவயதில் அந்த இடம் சரியாக வர அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அவளுடைய புறங்கை சிவந்து போனது.

ஒரு வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஒரு காலையில், ஒருநாளும் பிசகாத இடத்தில் அவர் பிசகினார். குல்சும் தட்டினாள். பின்னுக்குப் போனார், திரும்பவும் அங்கேயே வந்து பிசகினார். களைப்பு என்று நினைத்தாள். மறுநாள் வேறோர் இடம். அந்த வாரமே, குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "தேத்தண்ணி தரல்லயா?" என்று கேட்டார். பூட்டு வாங்க வந்தவருக்குக் கதவுப் பிணைச்சலைச் சுற்றிக் கொடுத்தார். கலகெதரையில் வாழ்க்கைப்பட்டிருந்த ஜஹானா தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்.

"உம்மா, வாப்பாவ ஒருக்கா டொக்டர்ட காட்டுங்கொ. நேத்து என்னட்ட ஒரே விசயத்த திருப்பித் திருப்பிக் கேட்ட."

"வயசு போனா அப்படித்தான் மகள். கொஞ்ச நாள் போகட்டும், பாப்பம்" என்றாள் குல்சும்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் டொக்டரை நினைத்து அல்ல. ஓதும்போது மட்டும்தான் அவர் பழைய நளீராக இருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் மனுஷனிடம் என்ன மிஞ்சும்? அந்தப் பயத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். தட்டுவதை நிறுத்தினாள். அவர் பிசகும் முன்பே, அடுத்த வார்த்தையை உதட்டால் அசைத்துக் காட்டத் தொடங்கினாள். முதலில் ஓர் இடத்தில், பிறகு நாலு இடத்தில், பிறகு பக்கம் பக்கமாக. கண்ணை மூடி ஓதிய மனுஷன் கண்ணைத் திறந்து, அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டே ஓதினார். அவளுக்கு ஓர் இமைப்பொழுது பின்னால் அவர் வந்தார். ஓதி முடித்ததும், "பாத்தீங்களா, ஒரு பிழையும் இல்ல" என்று சந்தோஷப்படுவார்.

"இல்லதான்" என்பாள் அவள்.

ரமழானுக்கு முன்பு, பள்ளி நிர்வாகசபைத் தலைவர் பவாஸ் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் நளீருடன் உட்கார்ந்து, ஹஸ்ரத், இந்த வருஷமும் நீங்கள்தான் தொழுவிக்க வேண்டும், பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஸாகி மௌலவியை வைத்திருக்கிறோம் என்றார். நளீருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பவாஸ் போக எழுந்தவர், திரைச்சீலைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ராத்தா, ஹஸ்ரத்துக்கு சுகம் தானே? கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி ஈக்கி."

நல்ல மனுஷன். அவர் கேட்டது மெலிவைப் பற்றியல்ல என்பது குல்சுமுக்கு விளங்கியது. ஒரு வார்த்தை போதும். இந்த வருஷம் வேண்டாம், ஓய்வு கொடுங்கள் என்று திரைக்குப் பின்னாலிருந்தே சொல்லியிருக்கலாம். யாரும் குறையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், சுகம் தான்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தாள். அவருடைய முகத்துக்காக என்று தன்னையே சமாதானம் செய்து பார்த்தாள். அது பாதிதான். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் நிற்பது அவர் மட்டுமல்ல, அவளுந்தான். யாருக்கும் தெரியாமல் அவள் நின்ற ஒரே இடம் அதுதான். அதை விட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நோன்பு தொடங்கியது. ஸுபஹுக்குப் பிறகு ஒரு தரம், பின்னேரம் அஸருக்குப் பிறகு கஞ்சி அடுப்பில் கொதிக்க இன்னொரு தரம் என்று அன்றிரவுக்கான பாகத்தை இருவரும் ஓதினார்கள். தண்ணீர் படாத வாயால் மணிக்கணக்கில் உதட்டை அசைத்து அவளுக்குத் தாடை வலித்தது. ஆரம்ப இரவுகள் தப்பின. சின்ன வயதில் ஏறிய பாகங்கள் அடியில் கெட்டியாகக் கிடந்தன; அங்கங்கே ஸாகி ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார், நளீர் பிடித்துக்கொண்டு போனார். நாள் போகப் போக ஸாகியின் குரல் அடிக்கடி கேட்டது. மேல்மாடியில் நிற்கும் குல்சும் ஒவ்வொரு தரத்தையும் எண்ணினாள்.

ஒருநாள் நளீர் கோபமாக வீட்டுக்கு வந்தார்.

"அந்த ஸாகி கேக்கிற, பகல்ல ரெண்டு பேரும் சேந்து ஓதிப் பாப்பமான்டு. எனக்கா? நான் ஓதத் தொடங்கக்குள்ள அவன் பொறக்கவும் இல்ல!"

"அவர் நல்லதுக்குத்தான் கேட்டீப்பார்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள் குல்சும்.

"நம்மட வீட்டுல ஓதக்குள்ள ஒரு பிழை வருதா? நீங்களே செல்லுங்கொ."

அவருடைய தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள் குல்சும். ஒரு பிழையும் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தானே. அவருக்குத் தன் மறதி தெரியாமல் போனதே அவளுடைய கெட்டித்தனத்தால்தான். ஓர் ஆளை இவ்வளவு அழகாகத் தாங்கிப் பிடித்தால், தான் நடக்கவில்லை என்பதே அந்த ஆளுக்குத் தெரியாமல் போய்விடும். அது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் மறுநாள் ஸுபஹுக்குப் பிறகு பழையபடி உதட்டை அசைத்தாள்.

நபிமார்களின் கதைகள் வரும் இரவு வந்தது. கடைசிப் பத்து நெருங்கிக்கொண்டிருந்ததால் பள்ளியில் நல்ல கூட்டம். மழை வேறு. மேல்மாடியில் குல்சும் தடுப்பை ஒட்டி முதல் வரிசையில் நின்றாள், பக்கத்தில் ருக்கியா. ஸாகி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நூஹ் நபியின் கதை முடிந்தது. ஹூத் நபியின் கதை ஆச்சரியமாக ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. ஸாலிஹ் நபியின் கதையும் முடிந்தது. அந்த இரண்டு வசனங்களும் வந்தன.

லூத் நபியின் கூட்டம் வரவேண்டிய இடத்தில் நூஹ் நபியின் கூட்டம் வந்தது.

ஸாகி திருத்தினார். நளீர் கேட்டதாகத் தெரியவில்லை. அதே அழகான குரலில் நூஹ் நபியின் கதையைத் திரும்ப முழுக்க ஓதினார். பிறகு ஹூத். பிறகு ஸாலிஹ். அதே முச்சந்தி. ஸாகி முன்கூட்டியே சத்தமாக எடுத்துக் கொடுத்தார். நளீர் திரும்பவும் நூஹ் நபியிடம் போனார். கீழே யாரோ இருமினார்கள். கால் மாற்றி நிற்கும் அசைவு வரிசை வரிசையாகப் பரவியது. திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தை ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போல அவர் சுற்றிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கொஞ்சங்கூடக் கெடவில்லை. அதுதான் கேட்கப் பொறுக்கவில்லை.

குல்சுமின் கை தானாக எழுந்து புறங்கையில் ஒரு தட்டுத் தட்டியது.

அவர் சட்டென்று நின்றார். பள்ளி முழுக்க அமைதி. கூரையில் மழை மட்டும். அந்தத் தட்டை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பின்னுக்குப் போய்த் தேடுகிறார். ஸாகி மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். நளீர் அதை எடுக்கவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். வீட்டில் எவ்வளவு தேடியும் கிடைக்காதபோது காத்திருப்பாரே, அந்த மாதிரி. லூத் என்ற அந்த ஒரு பெயர் குல்சுமின் தொண்டையில் வந்து நின்றது. அத்தனை ஆண்களுக்கு மேல், தொழுகைக்கு நடுவில், ஒரு பெண் எப்படிக் குரல் எழுப்புவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் தட்டினாள்.

அப்போது நளீர் கட்டியிருந்த கைகளை விட்டார். தொழும் திசையான கிப்லாவை விட்டுத் திரும்பி, மேல்மாடித் தடுப்பை அண்ணாந்து பார்த்தார். சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த மைக்கில் அவருடைய குரல் பள்ளி முழுவதும் கேட்டது.

"குல்சும், அடுத்தது ஆருட கூட்டம்? செல்லுங்கொ."

ருக்கியா தொழுகையிலேயே "யா அல்லாஹ்" என்று முனகினாள். பேசியதால் அவருடைய தொழுகை முறிந்துவிட்டது. அதன் பிறகு அவளும் சொல்லியிருக்கலாம், உரக்கவே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷமும் குசினிக்குள் மட்டும் கேட்ட குரல், அந்த நேரத்தில் வெளியே வர மறுத்துவிட்டது. அவர் முகத்தை உயர்த்தியபடியே நின்றார். ஸாகி ஓரடி முன்னால் வந்து, அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு, லூத் நபியின் கூட்டத்திலிருந்து தொடங்கித் தொழுகையை நடத்திக்கொண்டு போனார். பவாஸ் ஹாஜியார் தன் தொழுகையை விட்டுவிட்டு நளீரின் தோளை அணைத்து ஓர் ஓரமாக உட்கார வைத்தார்.

ஊர் பரிதாபப்பட்டது. கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். பாவம், சுகமில்லாத மனுஷன், தொழுகை என்பதையும் மறந்து பொஞ்சாதியைத் தேடினார் என்றார்கள். அவர் தேடியது பொஞ்சாதியையா, அவளிடமிருந்த வேதத்தையா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. "ராத்தா, ஒங்க மேல எவ்வளவு இரக்கம், எவ்வளவு பாசம் பாருங்கொ" என்று ருக்கியா அழுதாள். மறுத்து என்னவாகப் போகிறது?

பெருநாள் கழிந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள். இன்னும் முன்பே கொண்டு வந்திருந்தால் மறதி நோயைக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஜஹானா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விட அவள் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

அடுத்த ரமழானில் ஸாகி மௌலவி தொழுவித்தார். ஒரு பிசகு இல்லை. "அல்லாஹ்ட கொடை" என்றது சனம். ஸாகியின் வீட்டுக் குசினியில் யார் உட்கார்ந்து கேட்கிறார்களோ என்று குல்சும் நினைத்துக்கொண்டாள். அவள் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. அவரைத் தனியே விட முடியாது.

ஸுபஹுக்குப் பிறகு அந்த நேரம் வந்தால் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எதையோ தொலைத்தவர் போல வீட்டைச் சுற்றி வருவார். அதனால் அவரைப் பழைய குசினிக் கதிரையில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து குல்சுமே ஓதத் தொடங்கினாள். உதட்டால் அல்ல, குரலெடுத்து. அவளுக்கே புதிதாக இருந்தது அந்தக் குரல். அவர் அடங்கிவிடுவார். பழையபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஒருநாள் காலை அந்த ஸூரா வந்தது. நூஹ், ஹூத், ஸாலிஹ். அந்த இரண்டு வசனங்கள். லூத் நபியின் கூட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளுடைய நாக்கு நூஹ் நபியிடம் போயிற்று. இரண்டு வசனம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாழ்நாளில் அந்த இடத்தில் அவள் பிசகியதில்லை. சட்டென்று நிறுத்திவிட்டு அவருடைய கைகளைப் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு, இத்தனை வருஷத்துக்கும் பதிலாக. கைகள் மடியில் கிடந்தன. அவளுக்குள்ளும் அது இளகத் தொடங்கிவிட்டது. கேட்டுச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் இல்லை.

சத்தம் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். அந்நியப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நல்லா ஓதுறீங்க. ஆரிட்ட ஓதிப் படிச்ச?"

குல்சும் அவருடைய கைகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒருத்தரிட்ட."

"ஆ" என்று தலையை ஆட்டினார் நளீர். "இதெல்லாம் படிச்சு வாறது இல்ல. அல்லாஹ்ட கொடை."

அவளுக்கு எரிச்சல் வரவில்லை. அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டு, பின்னுக்குப் போய் ஸாலிஹ் நபியின் கதையிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.